எருமையின் நிறமூர்த்தமும் முளைய மூலக்கலமும்

உழவு இயந்திரம் பரவுமுன் வன்னிப் பெருநிலப்பரப்பில் வயலை மிதித்துச் சேறாக்கியனவும், களத்திலே சூடு மிதித்தனவும் எருமைப்பட்டிகளே. வவுனிக்குளத்து அலைகரையிலோ முத்தையன்கட்டிலோ சேற்றிற் புரளும் அவ்விலங்கைக் காண்போர் அதனைச் சேற்றெருமை என்றே கொள்வர். தோற்றமும் அதற்கு இடந்தருகின்றது. ஆயினும் 1977ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, இலங்கைச் சுதேச எருமையின் கலத்தில் 50 நிறமூர்த்தங்கள் உள எனக் காட்டிற்று. அது இந்திய ஆற்றெருமைக்குரிய எண்ணாகும்; கீழைத்தேயச் சேற்றெருமைக்கு 48 மட்டுமே. அவ்வாய்வாளருள் ஒருவர், பேராதனையில் மிருகவைத்தியம் பயின்ற ஆரிப் பொங்சோ.

எண்ணுவதோடு அமையாது, நிறமூர்த்தத்திலுள்ள பரம்பரையலகையே மாற்ற இயலுமா என்னும் வினா அக்காலத்தே வேறிடங்களில் எழுந்திருந்தது. 1981இல் கேம்பிரிட்ஜில் மார்ட்டின் எவன்சும் மத்தியூ கோஃப்மனும், கலிபோர்னியாவில் கெயில் மார்ட்டினும் சுண்டெலி முளையத்தின் உட்கலங்களைப் பிரித்து வளர்த்தனர். எவ்வுறுப்பாகவும் மாறவல்ல இவையே முளைய மூலக்கலங்கள். மரியோ கபெக்கி 1980இல் இத்துறைக்கு நிதி வேண்டியபோது, முயற்சி பலிக்காதென அமெரிக்க சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் மறுத்தனர். அவரோ வேறு பணிக்கெனத் தந்த பணத்தையும் இதிலேயே செலவிட்டார். துணிவான செயல்தான், தோற்றிருப்பின் அதற்கு வேறு பெயர் வழங்கியிருக்கும்.

புகுத்தப்படும் பரம்பரையலகு உரிய இடத்தைச் சென்றடைவது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு முறையே. எனவே நச்சுமருந்தைத் தாங்கும் பரம்பரையலகொன்றை உடன் இணைத்து, மருந்திட்டபின் பிழைத்த கலங்களைத் தெரிந்தெடுத்தனர். பிழையான இடத்திற் புகுந்தவற்றை அழிப்பதற்கு 1988இல் மற்றுமொரு குறி சேர்க்கப்பட்டது. காட்டில் மேயும் மாட்டைக் குறிசுட்டு அறியும் வன்னிப் பட்டிக்காரனுக்கு இவ்வுபாயம் அந்நியமன்று. தெரிந்த கலங்களை வேறொரு சுண்டெலி முளையத்துட் செலுத்த, பிறந்த குட்டிகளுட் சில அம்மாற்றத்தைத் தம் சந்ததிக்கும் கடத்தின. எவன்ஸ், கபெக்கி, ஒலிவர் சிமிதீஸ் ஆகிய மூவரும் 2007இல் நொபெல் பரிசு பெற்றனர்.

பொங்சோவும் மலேசியாவில் எருமை நிறமூர்த்த ஆய்வைத் தொடர்ந்து, பின் சிங்கப்பூரில் மனித முளையங்களை ஆராய்ந்தார். 1994இல் அவற்றின் உட்கலங்களைப் பிரித்துச் சிறிதுகாலம் வளர்த்துக் காட்டினார். நிலையாக வளரும் மனிதக் கலவரிசையை ஜேம்ஸ் தொம்சன் பெற்றது 1998இலேயே.

எனினும் சுண்டெலிக்குத் திறந்த வாயில் எருமைக்குத் திறக்கவில்லை. சந்ததிக்குச் செல்லவல்ல மூலக்கலங்கள் கால்நடைகளில் நெடுங்காலம் அகப்படவில்லை. ஆதலால் 2000இல் ஸ்கொத்லாந்திலே செம்மறியின் சாதாரண உடற்கலத்தில் மாற்றஞ் செய்து, அதன் கருவைக் கருநீக்கிய முட்டையிலிட்டுக் குட்டி பெற்றனர். இந்தியாவின் கர்ணால் பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனம் 2010 ஓகஸ்ட் 22இல் எருமை முளைய மூலக்கலத்தின் கருவிலிருந்து கரிமா-2 என்னும் கன்றைப் பெற்றது. அது பரம்பரையலகு மாற்றமன்று, படியெடுப்பே. ஆயினும் மாற்றத்துக்கு வேண்டிய படி அதுவே. 2013இல் கரிமா-2 தானும் ஒரு கன்றை ஈன்றது.

வன்னியிலோ 2008, 2009ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வில் மக்கள் தம் பட்டிகளைக் கைவிட்டே சென்றனர். பால் பெருக்கும் நோக்குடன் முரா முதலிய இந்திய இனங்களோடு கலக்கும் வழக்கமோ இத்தீவில் அதற்கும் முந்தியது. கர்ணாலில் வளர்த்த கலமும் முரா எருமையினதே. அலைகரையிற் புரளும் எருமையினதன்று.