மெக்கல்லக் முகம் பதித்த 20 டாலர்

உள்நாட்டுப் போருக்குப் பணம் தேடிய அமெரிக்கா 1863-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஊர் வங்கி அரசுக் கடன்பத்திரம் வாங்கி வாஷிங்டன் கருவூலத்தில் ஒப்படைத்தால், தன் பெயர் போட்டே நோட்டு வெளியிடலாம். 1935 வரை நீடித்த இந்த ஏற்பாட்டில் வந்ததுதான் 1902 தொடரின் 20 டாலர் நோட்டு. அதில் இருக்கும் முகம் ஹ்யூ மெக்கல்லக். இந்த வங்கிகளைக் கண்காணிக்க அமர்த்தப்பட்ட முதல் அதிகாரி.

வாஷிங்டன் அரசு அச்சகத்தில், பெரும்பாலும் மூன்று 10 டாலர் நோட்டுகளோடு ஒரே தாளில் அது அச்சாகும். தாள் வெட்டப்படாமலே ஊருக்குப் போகும். வங்கித் தலைவரும் கேஷியரும் கையெழுத்திட்ட பிறகுதான் கத்தரிப்பார்கள். ஆகவே ஓரம் கோணியிருந்தால் பதற வேண்டாம்.

பிறகு எந்தக் கையிலும் அது 20 டாலர்தான். வெளியிட்ட வங்கி திவாலானாலும், கருவூலத்திலிருந்த பத்திரம் நோட்டைக் காப்பாற்றியது. கிழிந்து நைந்தால் வாஷிங்டனுக்கே திரும்பிப்போய் அழிக்கப்படும். அங்கே வங்கிவாரியாகப் பிரிக்க வசதியாக, முகப்பில் பெரிதாக ஓர் எண் இருக்கும்: வங்கியின் உரிம எண். 14,000-க்கும் மேற்பட்ட உரிமங்கள் வழங்கப்பட்டன. சேகரிப்பவர் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான்.

அடுத்து முத்திரையின் நிறம். சிவப்பு என்றால் 1908-க்கு முந்தைய அச்சு, நீலத்தைவிட அரிது. நீல முத்திரை நோட்டின் பின்பக்கம் 1902, 1908 என்று ஆண்டுகள் இருந்தால் ஒரு வகை, இல்லாவிட்டால் அதற்குப் பிந்தைய வகை.

ஆனால் விலையை ஏற்றுவது ஊர்ப்பெயர். நியூயார்க்கின் பெரிய வங்கி நோட்டு இன்றும் நிறையக் கிடைக்கிறது. சில ஆண்டுகளே நடந்து மூடிய சிற்றூர் வங்கியின் நோட்டு, அதே தாள், அதே மெக்கல்லக், பல மடங்கு விலைக்குப் போகும். அந்தக் காலத்தில் ஊர்ப்பெயரை யாரும் கவனிக்காமலே செலவாகியிருக்கும்!

கையெழுத்தின் பேனா மை காலப்போக்கில் மங்கும். விலைக்கு ஆசைப்பட்டு அதன்மேல் புதிதாக எழுதுபவர்களும், நோட்டைக் கழுவித் தேய்ப்பவர்களும் உண்டு. இரண்டுமே மதிப்பைக் குறைக்கும். தேர்ந்தெடுக்கச் சொன்னால், கையெழுத்து மங்கி மடிப்புகள் விழுந்த நோட்டையே நான் எடுப்பேன்.