ஊசியில்லாமல் கண்ணுக்குள் பார்க்க



நம் தோட்டத்தில் இனிப்புநீர் எட்டிப் பார்க்காத வீடு ஏது? காலில் புண் வந்தால் ஓடுகிறோம். கண்ணுக்குள் அது செய்யும் வேலைக்கு மட்டும் வலியே கிடையாது. "பார்வை நல்லாத்தானே இருக்கு வாத்தியாரே" என்பீர்கள். விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கெடத் தொடங்கிய பிறகும் கொஞ்ச காலம் நல்லாத்தான் இருக்கும்.

அந்தக் குழாய்களைப் பார்க்க மனிதன் பட்ட பாடு பெரிய சரித்திரம். 1851-இல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணுக்குள் பார்க்கும் கருவியை வெளியிட்டார். 1886-இல் இங்கிலாந்தில் ஜாக்மன், வெப்ஸ்டர் இருவரும் உயிருள்ள மனிதனின் விழித்திரையைப் படம் பிடித்தார்கள். நம் ரவாங் ஈயச் சுரங்கத்துக்கு மின்விளக்கு வருமுன் நடந்தது இது! இரண்டரை நிமிடம் அசையாமல் உட்கார்ந்தும் கிடைத்தது மங்கல் படம்தான்.

1961-இல் அமெரிக்காவில் நோவாட்னி, ஆல்விஸ் என்ற இரு மருத்துவ மாணவர்கள் புதுவழி கண்டார்கள். கையில் ஊசி போட்டுச் சாயம் ஏற்றினால், இரத்தக் குழாய்கள் படத்தில் பளிச்சென்று தெரியும். ஆனால் சிலருக்குக் குமட்டும். அபூர்வமாக ஒவ்வாமையால் உயிருக்கே ஆபத்து வரும்.

ஊசியில்லாமல் முடியாதா? 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில், பேராக் மாநிலத்துப் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அகமட் ஃபாட்சில் முகமட் ஹனியின் குழு இதைக் கையில் எடுத்தது. படங்கள் எங்கிருந்து வந்தன தெரியுமா? நமக்குப் பக்கத்துச் செலாயாங் மருத்துவமனையிலிருந்து!

செம்மண் சடக்கில் சிவப்பு நூல் கிடந்தால் கண்ணுக்குத் தெரியுமா? விழித்திரைப் படத்திலும் அதே தொல்லைதான். குழாயும் சிவப்பு, பின்னணியும் சிவப்பு. போதாக்குறைக்கு வளைந்த கண்ணில் வெளிச்சம் ஓரிடத்தில் கூடும், ஓரிடத்தில் குறையும். அவர்களுடைய கணினி முறை முதலில் வெளிச்சத்தைச் சமப்படுத்தியது. பிறகு இரத்தத்தின் நிறத்தையும் விழித்திரையின் சொந்த நிறத்தையும் தனித்தனியாகப் பிரித்தது. மறைந்திருந்த நுண்குழாய்கள் எழுந்து வந்தன.

விழித்திரையின் நடுவில் குழாயே இல்லாத சின்ன வட்டம் ஒன்று உண்டு. நோய் முற்ற முற்றச் சுற்றியுள்ள குழாய்கள் அடைபட்டு, வட்டம் அகன்றுகொண்டே போகும். துலக்கிய படத்தில் அந்த வட்டத்தை அளந்து நோயின் கட்டத்தைச் சொல்ல முயன்றார்கள்.

கேமராவில் விழாததைக் கணினி உண்டாக்காது. கண்புரை முற்றிய கண்ணில் படமே சரியாக விழாது. படமெடுக்கச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும். கிளினிக்குக்கு மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள், திரும்பி வரும்போது ஓட்ட ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.