விண்ணில் எழுந்த வீடு

ஆகாயக் கோட்டை என்பது நம் மொழியில் வீண் கனவுக்கு வழங்கும் பெயர். ஆனால் இன்று நம் தலைக்கு மேலே ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் மெய்யாகவே ஒரு கோட்டை சுற்றி வருகிறது. அதன் எடை 400 டன்னுக்கு மேற்பட்டது. வேகம் மணிக்குச் சுமார் 28,000 கிலோமீட்டர். ஏறத்தாழ 90 நிமிடத்தில் பூமியை ஒரு முறை வலம் வந்துவிடுகிறது. டில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ அந்திப் பொழுதில் மொட்டை மாடியில் நின்று நோக்குவோருக்குச் சில நாட்களில் அது விரைந்து நகரும் விண்மீன் போலக் காட்சி தருவதுண்டு. சர்வதேச விண்வெளி நிலையம் என்பது அதன் பெயர். இத்துணைப் பெரிய மாளிகையை எந்த ராக்கெட்டும் ஒரே மூச்சில் தூக்கிச் சென்றிருக்க இயலாது. பகுதி பகுதியாகக் கொண்டு சென்று, ஒன்றோடொன்று பொருத்தி, விண்ணிலேயே கட்டிய வீடு அது. அவ்வாறு பொருத்தும் கலையை மனிதன் எவ்வாறு கற்றான், அதற்கு என்ன விலை கொடுத்தான் என்பதே இப்பேச்சின் பொருள்.

விண்ணில் குடியிருக்கும் எண்ணம் பழையது. 1869ஆம் ஆண்டிலேயே அமெரிக்க எழுத்தாளர் எட்வர்ட் எவரெட் ஹேல், செங்கல்லால் ஆன ஒரு நிலவில் மனிதர் வாழ்வதாகக் கதை எழுதினார். ருஷ்ய நாட்டுப் பள்ளி ஆசிரியர் ட்சியோல்கோவ்ஸ்கி, பூமியைச் சுற்றும் குடியிருப்புகளைப் பற்றிக் கணக்கிட்டு எழுதினார். ஆயினும் இரண்டு கலங்கள் வெட்டவெளியில் எப்படிச் சந்திக்கும், எப்படிக் கை கோக்கும் என்பது, அவை பறக்கத் தொடங்கிய பிறகே அனுபவத்தில் தெரியவேண்டியிருந்தது.

நிலத்தில் முன்னே செல்லும் வண்டியைப் பிடிக்க வேண்டுமானால் நாம் வேகத்தைக் கூட்டுவோம். பூமியைச் சுற்றும் கலத்துக்கு அந்த வழி உதவாது. முன்னோக்கி விசையைக் கூட்டினால் கலம் உயர்ந்த பாதைக்கு ஏறிவிடும். அப்பாதையின் சுற்று நீளமானது, ஓட்டமும் அங்கே மெதுவானது. ஆகவே துரத்துகிறவர் முன்னிலும் பின்தங்கிப் போவார். முன்னே செல்வதை எட்ட விரும்புகிறவர் முதலில் வேகத்தைக் குறைத்துத் தாழ்ந்த பாதைக்கு இறங்க வேண்டும். அங்கே சுற்றுச் சிறியது, விரைவு மிகுதி. பிறகு தக்க தருணம் பார்த்து மேலே ஏறி அருகில் சேர வேண்டும். 1965ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஜெமினி-4 கலத்தில் சென்ற ஜேம்ஸ் மக்டிவிட், தம்மை ஏற்றி வந்த ராக்கெட்டின் கழற்றிவிடப்பட்ட அடுக்கை நெருங்க முயன்றார். தேர்ந்த விமானியாதலால், விமானத்தை ஓட்டுவது போலவே அதனை நோக்கிக் கலத்தைச் செலுத்தினார். எரிபொருள் கரைந்ததேயன்றி, அடுக்கு எட்டவில்லை, முயற்சி கைவிடப்பட்டது. விண்வெளியில் கண்ணையும் கையையும் மட்டும் நம்புவது போதாது என்பதை உலகம் அன்று உணர்ந்தது.

இந்தக் கணக்கையே 1963ஆம் ஆண்டு தம் டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்குப் பொருளாக எடுத்துக்கொண்டவர் ஆல்டிரின். பின்னாளில் சந்திரனில் நடந்த இரண்டாம் மனிதர் அவரே. 1965 டிசம்பரில் ஜெமினி-6, ஜெமினி-7 ஆகிய இரு கலங்களும் ஒன்றையொன்று ஓர் அடி தூரம் வரை நெருங்கின. 1966 மார்ச் 16ஆம் நாள் நீல் ஆர்ம்ஸ்ட்ராங்கும் டேவிட் ஸ்காட்டும் ஜெமினி-8 கலத்தை அஜினா என்னும் ஆளில்லாக் கலத்தோடு பொருத்தினர். இரண்டு கலங்கள் விண்ணில் இணைந்தது அதுவே முதல் முறை. ஆனால் மகிழ்ச்சி அரை மணி நேரங்கூட நிலைக்கவில்லை. உந்துகருவி ஒன்று மூடாமல் சிக்கிக்கொண்டமையால், இணைந்த கலங்கள் உருளத் தொடங்கின. அஜினாவைக் கழற்றிவிட்டபின் சுழற்சி இன்னும் கடுமையாகி, விநாடிக்கு ஒரு சுற்று என்னும் அளவை எட்டியது. கண் இருண்டு நினைவிழக்கும் நிலையில், பூமிக்கு இறங்குவதற்கென வைத்திருந்த கருவிகளை இயக்கி ஆர்ம்ஸ்ட்ராங் கலத்தை அடக்கினார். பயணம் பாதியில் முடிந்தது, உயிர்கள் தப்பின.

சோவியத் நாட்டார் வேறு வழி சென்றனர். 1967 அக்டோபரில் ஆளில்லாக் கலங்கள் இரண்டைத் தாமாகவே இணையச் செய்தனர். 1971 ஏப்ரலில் உலகின் முதல் விண்வெளி நிலையமாகிய சல்யூட்-1ஐ ஏவினர். அங்கு முதலில் சென்ற சோயுஸ்-10 கலம் நிலையத்தைத் தொட்டது. ஆயினும் பிணைப்பு உறுதியாகப் பூட்டவில்லை. வாசல் வரை சென்ற மூவரும் உள்ளே புகாமலே திரும்பினர். அடுத்துச் சென்ற சோயுஸ்-11 கலத்தின் மூவர், டோப்ரோவோல்ஸ்கி, வோல்கோவ், பட்சாயெவ், மூன்று வாரங்களுக்கு மேல் அங்கே வாழ்ந்தனர். ஜூன் 30ஆம் நாள் திரும்பும் வழியில், கலத்தின் பகுதிகள் பிரிந்த அதிர்ச்சியில் காற்றடைப்பு ஒன்று திறந்துகொண்டது. கலம் செவ்வனே தரையிறங்கியது. திறந்து பார்த்தபோது மூவரும் உயிரோடு இல்லை. இடம் போதாமையால் அவர்களுக்குக் காப்புடை அளிக்கப்படவில்லை. அதன்பின் பல ஆண்டுகள் சோயுஸில் இருவரே சென்றனர்; ஏறும்போதும் இறங்கும்போதும் காப்புடை கட்டாயமாயிற்று.

தொடக்க காலப் பிணைப்புகள் தச்சர் செய்யும் முளையும் துளையும் போன்றவை. ஒரு கலம் முளை தாங்கும், மற்றது துளை தாங்கும். 1975 ஜூலையில் அமெரிக்க அப்பல்லோவும் சோவியத் சோயுஸும் இணைய ஏற்பாடு ஆனபோது, விளாதிமிர் சிரோமியாத்னிகோவ் என்னும் பொறியாளர் இருபுறமும் ஒரே வடிவுடைய பிணைப்பை உருவாக்க முன்னின்றார். எதிரெதிர் முகாம்களாக நின்ற இரு நாடுகளும் சமமான கரங்களை நீட்டிக் கை குலுக்கின.

1977இல் ஏவப்பட்ட சல்யூட்-6 நிலையத்துக்கு இரண்டு வாசல்கள் இருந்தன. ஒன்றில் குடியிருப்போரின் கலம் நிற்க, மற்றொன்றில் உணவும் எரிபொருளும் ஏற்றிய சரக்குக் கலம் வந்து சேரலாம். ஒரு வாசலைக் கூட்டியதனால், விண்வெளி நிலையம் சில வாரத் தங்கல் என்னும் நிலை மாறி நெடுங்காலக் குடியிருப்பாயிற்று. நம் நாட்டின் ராகேஷ் சர்மா 1984 ஏப்ரலில் தங்கிய இடம் அடுத்த நிலையமாகிய சல்யூட்-7. மறு ஆண்டே அந்நிலையம் மின்சாரமிழந்து, உறைந்து, பேச்சு மூச்சின்றிக் கிடந்தது. ஜானிபெகோவும் சாவினிக்கும் 1985 ஜூனில் சென்று, வழிகாட்டும் சமிக்ஞை எதுவுமின்றிக் கையாலேயே கலத்தைச் செலுத்திப் பொருத்தி, அந்நிலையத்துக்கு மீண்டும் உயிரூட்டினர்.

பல பகுதிகளால் ஆன முதல் மாளிகை, 1986 பிப்ரவரியில் அடித்தளம் இட்ட மீர். அதற்கு ஆறு வாசல்கள். மறு ஆண்டு குவாண்ட் என்னும் பகுதி வந்து சேர்ந்தபோது பிணைப்பு இறுகாமல் நின்றது. ரோமனென்கோவும் லவேய்கினும் வெளியே சென்று பார்த்தனர். இடையில் சிக்கியிருந்தது ஒரு குப்பைப் பை! அதை அகற்றியபின் கதவு பொருந்தியது. 1997 ஜூன் 25ஆம் நாள் நேர்ந்ததோ நகைப்புக்கு உரியதன்று. திரையில் பார்த்தபடியே தொலைவிலிருந்து செலுத்திய சரக்குக் கலம் நிலையத்தின் மீது மோதி, ஸ்பெக்டர் என்னும் பகுதியைத் துளைத்தது. காற்று வெளியேறத் தொடங்கியது. வாசலின் குறுக்கே ஓடிய கம்பிகளைத் துண்டித்து, அப்பகுதியை மூடி, உள்ளிருந்த மூவரும் தப்பினர். 2001 மார்ச்சில் மீர் திட்டமிட்டபடி கடலில் வீழ்த்தப்பட்டது.

அந்தப் பாடங்களின் மீதே சர்வதேச நிலையம் எழுந்தது. 1998 நவம்பரில் ருஷ்ய மண்ணிலிருந்து எண்ணாது, கஜகஸ்தானிலிருந்து ஜார்யா என்னும் பகுதி எழும்பியது. டிசம்பரில் அமெரிக்காவின் யூனிட்டி அதனோடு இணைந்தது. 2000 நவம்பர் 2ஆம் நாள் குடி புகுந்த பிறகு அவ்வீட்டில் ஆள் இல்லாத நாள் இல்லை.

பாரத நாடும் இக்கலையைக் கற்றுவிட்டது. 2024 டிசம்பர் 30ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏறத்தாழ 220 கிலோ எடையுள்ள இரு சிறு கலங்கள் ஏவப்பட்டன. 2025 ஜனவரி 12ஆம் நாள் அவை 3 மீட்டர் வரை நெருங்கின. அவசரப்படாத இஸ்ரோ பொறியாளர்கள் அவற்றை மீண்டும் விலக்கி, விவரங்களை ஆராய்ந்து, ஜனவரி 16ஆம் நாள் இணைத்தனர். அமெரிக்கா, ருஷ்யா, சீனா ஆகியவற்றுக்கு அடுத்து நான்காம் நாடாக நாம் நின்றோம். அந்த வாரத்தில் இஸ்ரோவின் தலைமையை ஏற்றவர், குமரி மாவட்டத்தில் பிறந்த வி. நாராயணன். 2035க்குள் நமக்கென ஒரு விண்வெளி நிலையம் அமைப்பது அரசு அறிவித்துள்ள இலக்கு.

இக்கலை இன்று பிள்ளைகளின் கணினிக்குள்ளும் புகுந்துவிட்டது. மெக்சிகோ நாட்டில் உருவாகி 2011இல் வெளியான கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்னும் விளையாட்டில், 2012 முதல் கலங்களை இணைத்து நிலையம் கட்டலாம். அதில் முதன்முறை முயலும் சிறுவன், மக்டிவிட் செய்ததையே செய்வான்: இலக்கை நோக்கி விரைவான், இலக்கு விலகிப் போகும். பல முறை தோற்ற பின், முந்துவதற்கு முதலில் தாழ வேண்டும் என்று கற்பான். அவனுக்குத் தோல்வி ஒரு பொத்தானை அழுத்தினால் அழிந்துபோகும். முன்னோடிகளுக்கு அந்தச் சலுகை இல்லை.

மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் இரு கலங்கள், தம்முள் விநாடிக்குச் சில சென்டிமீட்டர் என்னும் மெல்லிய நடையில் நெருங்கினால்தான் இணைப்புக் கூடும். விண்ணுக்கு ஏற வலிமை வேண்டும். அங்கே வீடு கட்டப் பொறுமை வேண்டும். அடுத்த முறை அந்த நகரும் ஒளியைக் காணும்போது, வீட்டுப் பிள்ளைகளையும் மாடிக்கு அழைத்துக் காட்டுங்கள். அதன் ஒவ்வொரு மூட்டின் பின்னும் ஒரு வரலாறு உண்டென்று சொல்லுங்கள்.