தட்டோட்டுக்குக் கீழே

கொரியாவில் தரைக்கு அடியில் சூடேற்றுவார்கள். காஷ்மீர் ஹமாம்களில் கற்பலகைகளுக்குக் கீழே விறகு எரியும். சென்னைப் புறநகரான அம்பத்தூரை ஒட்டிய கள்ளிக்குப்பத்தில் அது தேவையில்லை. இங்கே சூட்டை வாங்கும் தரை மொட்டைமாடி. ஆனாலும் தினமும் விரிந்து சுருங்கும் தளத்தில் பதித்த ஓடு பெயராமல் இருக்க என்ன வழி என்ற கேள்வி இரண்டு வகைத் தரைக்கும் பொது. சென்னைக் கொத்தனார்கள் கண்ட விடை ஓட்டில் இல்லை, அதன் அடியில் போட்ட சுர்க்கி என்ற செங்கல் ஜல்லி–சுண்ணாம்புத் தளத்தில் இருந்தது. இன்று மாடியிலும் குளியலறையிலும் டைல்ஸ் மேடுபள்ளமாவதற்குப் பெரும்பாலும் அதை மறந்ததே காரணம்.

மெட்ராஸ் டெரஸ் என்ற பழைய கூரையில் தேக்கு உத்தரங்களின் மேல் செங்கலை மூலைவாட்டாகச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டுவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். தட்டோடு என்ற தட்டையான சுட்ட மண் ஓட்டைப் பதிப்பது அதற்குப் பிறகுதான். இந்தச் சுண்ணாம்புக்குப் போட்டியாகச் சிமெண்ட் வர நாளானது. 1904இல் மதராஸிலேயே சிமெண்ட் செய்து பார்த்தார்கள், நிலைக்கவில்லை. 1934இல் மதுக்கரை ஆலை வந்தபின் சிமெண்ட் நம்மூர்ச் சரக்கானது. 1960களில் தொழிற்பேட்டை வந்து அம்பத்தூரைச் சுற்றிய கிராமங்களில் வீடுகள் பெருகியபோது, தேக்கின் இடத்தைக் கான்கிரீட் பிடித்துவிட்டிருந்தது. சுர்க்கி மட்டும் போகவில்லை. பொதுப்பணித் துறையின் கணக்கில் 32 பங்கு செங்கல் ஜல்லிக்குப் பன்னிரண்டரைப் பங்கு நீற்றிய சுண்ணாம்பு, மணலே கிடையாது. கான்கிரீட் கூரைக்கு இது எதற்கு? பத்து மீட்டர் நீளக் கான்கிரீட், வெப்பம் 30 டிகிரி ஏறினால் சுமார் 3 மில்லிமீட்டர் நீளும். சுட்ட மண் ஓடு ஏறக்குறைய அதில் பாதிதான் நீளும். இரண்டையும் இறுக்கமாக ஒட்டினால் ஒன்று மற்றொன்றை இழுக்கும். நடுவில் கிடக்கும் சுண்ணாம்புத் தளம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். வெயில் கான்கிரீட்டை எட்டுவதையும் குறைக்கும்.

தட்டோட்டையே சிமெண்ட் கலவையில்தானே பதித்தார்கள் என்று கேட்கலாம். உண்மைதான், ஒன்றுக்கு மூன்று கலவை, இணைப்பில் காவி நிறம். ஆனால் அது மெல்லிய பூச்சு. கீழே கனமாகக் கிடந்தது சுண்ணாம்பு. இதைவிட வலுவான மறுப்பு எடை பற்றியது. நாலு அங்குலச் சுர்க்கி சதுர மீட்டருக்கு 150 கிலோவைத் தாண்டும். அடித்து இறுக்க ஆளும் நாளும் வேண்டும். இந்தச் செலவைத் தவிர்க்க நினைக்கும் வீட்டுக்காரரைக் குறை சொல்ல முடியாது. சுண்ணாம்பே வேண்டும் என்பதும் என் வாதமல்ல. வளையும் பசையும் போதிய இடைவெளியும் அதே வேலையைச் செய்யும். சூடேற்றும் தரை உள்ள நாடுகளில் அப்படித்தான் செய்கிறார்கள். கான்கிரீட் மேல் வெறும் சிமெண்ட் பாலை ஊற்றி, இடைவெளியே விடாமல் வெள்ளை டைல்ஸை நெருக்கி ஒட்டுவதில்தான் இரண்டுமே இல்லை.

குளியலறைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? இந்தப் புறநகரில் பல வீடுகள் ஒவ்வொரு மாடியாக எழுந்தவை. மேல்மாடி எடுக்கும்போது பழைய சுர்க்கியை உடைக்கிறார்கள். அங்கே வரும் குளியலறைக்குக் குழாய் போகப் பள்ளம் இருக்காது. தரையை ஒரு படி உயர்த்தி, உள்ளே செங்கல் துண்டும் உடைசலும் கொட்டி நிரப்புவதுதான் வழக்கம். அதே செங்கல் ஜல்லி, ஆனால் சுண்ணாம்பும் இல்லை, அடியும் இல்லை. இணைப்பு வழியே நீர் இறங்க இறங்க உடைசல் அமர்கிறது. மேலே டைல்ஸ் தாழ்ந்து வாட்டம் மாறுகிறது, நீர் வடிகாலுக்குப் போகாமல் மூலையில் தேங்குகிறது. கரணைப் பிடியால் தட்டினால் கொடகொடவென்று சத்தம் கேட்கும். ஆடும் டைல்ஸை மட்டும் பெயர்த்துக் கலவை வைத்து ஒட்டுவது அரைநாள் வேலை. நிரப்பை அள்ளி, அடித்து, வாட்டம் பிடித்துத் திரும்பப் போடுவது ஒரு வாரம் இழுக்கும், அதுவரை குளியலறையும் இருக்காது. பெரும்பாலோர் அரைநாளைத் தேர்ந்தெடுக்கிறார்கள்; அடுத்த மழைக்காலத்துக்குள் பக்கத்து டைல்ஸ் ஆடத் தொடங்குகிறது.