கண்ணாடிக்குள் கடல்: உவர்நீர்த் தொட்டியும் நீர்மாற்றமும் – ஒரு வரலாற்று நோக்கு

கடல்வாழ் உயிர்களை இல்லத்திற் பேணுதல் பற்றி எழுதுவோர் மீன்களின் வண்ணத்தையும் தொட்டியின் அழகையுமே பெரிதும் விதந்துரைப்பர். ஆயின், இக்கலையின் வரலாற்றைக் கூர்ந்து நோக்குவார்க்கு அது பெரும்பாலும் நீரின் வரலாறாகவே தோன்றும். ஒரு வரையறைக்குட்பட்ட கடல்நீரைக் கெடாது காப்பது எங்ஙனம்? அதனை மாற்றும் உழைப்பு யாருடையது? இவ்விரு வினாக்களுக்கும் காலந்தோறும் அளிக்கப்பட்ட விடைகளே இன்று பெரிய உவர்நீர்த் தொட்டியொன்றின் பின்னே காணப்படும் குழாய்களாகவும் வால்வுகளாகவும் வடிவெடுத்துள்ளன. அவ்விடைகளை முறையே ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடலுயிர்களைக் கண்ணாடித் தொட்டியிலிட்டு ஆராய்ந்த முன்னோடிகளுள் பிரான்சு நாட்டவரான ஜீன் வில்லெப்ரூ-பவர் குறிப்பிடத்தக்கவர். 1832 அளவில் சிசிலித் தீவின் மெசினா நகரில் அவர் அமைத்த தொட்டிகளிலேயே ஆர்கோநோட் என்னும் கடலுயிர் தன் ஓட்டைத் தானே ஆக்கிக்கொள்கின்றது என்பது நிறுவப்பட்டது. எனினும், மெசினாவில் கடல் அருகிலேயே இருந்தது. கடற்கரையினின்றும் நெடுந்தொலைவிலுள்ள நகரத்து வீடொன்றிற் கடல்நீரைப் பேணுதல் பிறிதொரு பிரச்சினையாகும்.

அப்பிரச்சினையை எதிர்கொண்டவர் அன்னா தின் என்னும் ஆங்கிலப் பெருமாட்டி. 1846 இல் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையிலுள்ள டோர்கி என்னுமிடத்திற் பெற்ற முருகை உயிர்களை அவர் இலண்டனுக்குக் கொண்டுசென்றார். தொடக்கத்திற் கரையிலிருந்து கடல்நீர் தருவித்து மாற்றினார். நீர் கிடைப்பது அரிதாகவே, இருந்த நீரையே ஒரு கலத்தினின்றும் மற்றொரு கலத்துக்கு மாறிமாறி ஊற்றிக் காற்றூட்டும் முறையைக் கைக்கொண்டார். முக்கால் மணிநேரம் வரை நீளும் இக்களைப்பூட்டும் வேலையைச் செய்தவள் அவ்வீட்டுப் பணிப்பெண்ணாவாள். தன் அனுபவங்களைப் பெருமாட்டி 1859 இல் அறிவியற் சஞ்சிகையொன்றில் வெளியிட்டார். அதிற் பணிப்பெண்ணைப் பற்றிய குறிப்பு உண்டு. அவளது பெயர் இல்லை. இல்லத்து உவர்நீர்த் தொட்டியின் முதலாவது பம்பி ஒரு பெண்ணின் இரு கைகளே என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

இவ்வுழைப்பினை நீக்குவதற்கு வழி காட்டியவர் இரசாயனவியலாளரான றொபேட் வோரிங்டன். தாவரம் ஒட்சிசனை வெளியிடும். விலங்கு அதனைச் சுவாசித்துக் காபனீரொட்சைட்டை வெளியிடும். நத்தை அழுகும் இலைகளை உண்ணும். இவை தம்முட் சமநிலை பெறின் நீரை மாற்றவேண்டியதில்லை என்பது அவர் கொள்கை. 1850 இல் நன்னீர்த் தொட்டியைக் கொண்டு இதனை விளக்கிய அவர், பின்னர் கடல்நீரிலும் அம்முயற்சியைத் தொடர்ந்தார். 1853 இல் இலண்டன் விலங்கியற் பூங்காவில் மீனில்லம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டிற் பிலிப் ஹென்றி கொஸ் வெளியிட்ட நூல், இப்பொழுதுபோக்கை நடுத்தர வகுப்பாரின் இல்லங்களுக்குக் கொண்டுசென்றது. கறியுப்பு, மகனீசியம் சல்பேற்று, மகனீசியம் குளோரைட்டு, பொற்றாசியம் குளோரைட்டு ஆகிய நான்கினையும் நன்னீரிற் கரைத்துச் செயற்கைக் கடல்நீர் ஆக்கும் முறையையும் கொஸ் விளக்கினார். 1845 இற் கண்ணாடி மீதான வரி நீக்கப்பட்டமையும் புகையிரதப் பாதைகள் கரையோரத்தை எட்டியமையும் இம்மோகத்திற்குத் துணைநின்றன.

ஆயின், சமநிலைக் கொள்கை பலரை ஏமாற்றியது. சிறு தொட்டியில் ஓர் உயிர் இறந்தாலும் நீர் கலங்கி நாறும், ஏனையவும் மடியும். நீரின் அளவே உயிர்களின் காப்பு என்பதைத் தெளிவாக உணர்ந்தவர் வில்லியம் அல்போட் லொயிட். இலண்டனிற் கடலுயிர்களையும் கடல்நீரையும் விற்றுவந்த இவர், 1864 இற் திறக்கப்பட்ட ஹம்பேர்க் காட்சிச்சாலையிலும், 1871 இல் இலண்டன் பளிங்கு மாளிகையில் அமைந்த காட்சிச்சாலையிலும் தம் முறையைச் செயற்படுத்தினார். காட்சித் தொட்டிகளின் கீழே அவற்றினும் பன்மடங்கு கொள்ளளவுடைய இருண்ட நீர்த்தேக்கம் ஒன்று அமையும். நீராவிப் பொறி அத்தேக்கத்து நீரை இடையறாது மேலேற்றும். அந்நீர் தொட்டிகளூடாகப் பாய்ந்து மீண்டும் தேக்கத்தை அடையும். இருளிற் பாசி வளராது. பெருந்தொகையான நீரிற் கழிவு செறியாது. ஓட்டத்தினாற் காற்றும் கலக்கும். இன்றைய இல்லத் தொட்டியின் கீழே மறைந்திருக்கும் கீழ்த்தொட்டி, லொயிட்டின் தேக்கத்தினது வழித்தோன்றலே எனலாம்.

லொயிட்டின் முறை பயன் தந்ததாயினும், அப்பயனின் முழுக் காரணம் அப்போது எவர்க்கும் புலப்படவில்லை. 1877 இற் பிரான்சைச் சேர்ந்த சுலோசிங், மியூன்ட்ஸ் ஆகிய இருவரும் கழிவுநீரை மணலூடாகச் செலுத்தி, அதிலுள்ள அமோனியா நைத்திரேற்றாக மாறுவது நுண்ணுயிர்களின் செயலே என்று காட்டினர். இவ்வாராய்ச்சியை இங்கிலாந்தின் றொதம்ஸ்டெட் ஆய்வுநிலையத்தில் முன்னெடுத்தவர், முன்னர் கூறப்பட்ட வோரிங்டனின் மகனாவார். அவரது பெயரும் றொபேட் வோரிங்டனே. அமோனியா முதலில் நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாறுகின்றது; இவ்விரு படிகளும் வெவ்வேறு உயிர்களாலே நிகழ்கின்றன என்பதை அவர் புலப்படுத்தினார். அப்பற்றீரியாக்களைப் பிரித்தெடுக்கும் பேறு 1890 அளவில் வினோகிராட்ஸ்கி என்னும் இரசிய அறிஞர்க்கே வாய்த்தது. தந்தை தாவரத்திடம் எதிர்பார்த்த பணியின் பெரும்பகுதியை மணலிலும் கல்லிலும் வாழும் நுண்ணுயிர்களே ஆற்றின என்பதற்கு மகனின் மண்ணாராய்ச்சி சான்றாயிற்று. அறிவியல் வரலாற்றில் இத்தகைய பொருத்தம் அரிது.

இருபதாம் நூற்றாண்டில் மின்சாரமும், கடல்நீரால் அரிக்கப்படாத பிளாத்திக்குக் குழாய்களும், பொதிகளில் விற்பனையாகும் செயற்கைக் கடலுப்பும் பொதுக் காட்சிச்சாலைக்குரிய வசதிகளை இல்லத்துக்குக் கொண்டுவந்தன. 1961 இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், நுண்ணுயிர்கள் செறிந்த முருகைக்கற்களைத் தொட்டியிலிட்டு நீரைப் பேணும் தம் முறையை உலகறியச் செய்தார். அத்தகைய கற்களின் ஒட்சிசன் குன்றிய உட்பகுதியில் வாழும் பற்றீரியாக்கள் நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக மாற்றவும் வல்லன.

இனி, இவ்வரலாற்றின் விளைவான இன்றைய அமைப்பொன்றை நோக்குவோம். ஆயிரம் இலீற்றர் கொண்ட தொட்டியைக் கடல்நீரால் நிரப்ப ஏறத்தாழ 35 கிலோகிராம் உப்பு வேண்டும். வாரந்தோறும் பத்திலொரு பங்கினை மாற்றுவதாயின், 100 இலீற்றரை வெளியேற்றி அதே அளவினை உள்ளே செலுத்தல்வேண்டும். இதனை வாளியாற் செய்பவர் முதல் மாதத்திற் செய்வார். ஆறாம் மாதத்திற் கைவிடுவார். ஆதலின் இரு சேமிப்புக் கலங்கள் வைக்கப்படுகின்றன. ஒன்றிற் குளோரீன் முதலியன நீக்கப்பட்ட நன்னீர் இருக்கும். மற்றதில் அந்நீரோடு உப்புக் கலந்து, வெப்பநிலையும் உவர்த்தன்மையும் தொட்டிநீரை ஒக்கும் வரை அசைவித்து வைக்கப்படும். ஒரு வால்வைத் திறக்கப் பழைய நீர் வடிகாலுக்குச் செல்லும்; மற்றொன்றைத் திறந்து பம்பியை இயக்கப் புதுநீர் வந்துசேரும். ஆவியாதலால் நீர்மட்டம் குறையும்போது உப்பு ஆவியாவதில்லை. எனவே அக்குறையை நன்னீராலேயே ஈடுசெய்தல்வேண்டும். மின்சாரம் தடைப்படின் மேற்றொட்டியின் நீர் குழாய்வழியே பின்னோக்கி வழியும். அதனை ஏற்கும் வெற்றிடம் கீழ்த்தொட்டியில் எப்போதும் இருத்தல்வேண்டும். நீர்மட்டத்தின் சற்றுக் கீழே குழாயில் இடும் சிறு துளையும் அவ்வோட்டத்தை முறிக்கும். செம்பு முதுகெலும்பிலிகளுக்கு நஞ்சாதலின் செப்புக் குழாய் ஆகாது.

நீர்மாற்றத்தின் ஆற்றலுக்கும் ஓர் எல்லை உண்டு. வாரமொன்றில் இலீற்றருக்கு 2 மில்லிகிராம் நைத்திரேற்றுச் சேரும் தொட்டியில், வாரந்தோறும் பத்திலொரு பங்கு மாற்றினும், அது நாளடைவில் 20 மில்லிகிராமை அணுகியே நிலைபெறும். ஏனெனில் 20 இன் பத்திலொரு பங்கே 2 ஆகும். மாற்றும் பங்கை இருமடங்காக்கின் அவ்வெல்லை 10 ஆகக் குறையும். உணவையும் உயிர்த்தொகையையும் அளவோடு வைத்தலும், நுண்ணுயிர்க்கு இடமளித்தலும் இதனாலேயே இன்றியமையாதனவாகின்றன. மாற்றுதல், சமநிலை, சுழற்சி என முன்னோர் கண்ட மூன்று விடைகளுள் ஒன்றேனும் வழக்கொழியவில்லை. ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகின்றது.

இவ்வரலாறு நம்மோடு தொடர்பற்றதன்று. கடல்நீர்த் தொட்டிகளுக்கென விற்பனையாகும் மீனினங்களிற் பெரும்பாலானவை இன்றும் இயற்கையான முருகைக்கற் பாறைகளினின்றே பிடிக்கப்படுகின்றன. இலங்கையும் அத்தகைய மீன்களை ஏற்றுமதி செய்யும் நாடுகளுள் ஒன்று. நமது கரையிற் சுழியோடி ஒருவர் பிடித்த மீன், பல்லாயிரம் மைல் கடந்து யாரோ ஒருவரின் தொட்டியைச் சேர்கின்றது. அத்தொட்டியின் நீர் பக்குவப்படாததாயின் சுழியோடியின் உழைப்பும் மீனின் உயிரும் ஒருங்கே வீணாகும். அவ்விடத்தை நிரப்ப மற்றொரு மீன் பாறையினின்றும் அகற்றப்படும். புதுநீரிற் கடற்பாசியைச் சில நாள் வைத்த பின்னரே உயிர்களை விடுதல்வேண்டும் என்பதைக் கொஸ் அன்றே அறிந்திருந்தார். நுண்ணுயிர்கள் நிலைகொள்ளப் பல வாரங்கள் வேண்டும் என்பதை நாம் இன்று அறிவோம். எனவே, தொட்டி அமைப்போர் முதலில் நீரை அமைத்து, மீனைப் பின்னரே நாடுவது தகும். பெயரறியாப் பணிப்பெண்ணின் கைகள் தொடக்கம் கண்ணுக்குத் தெரியாப் பற்றீரியாக்கள் வரை, அந்நீரைக் காத்த உழைப்பு அனைத்தும் மறைந்தே நிகழ்ந்துள்ளது. அதனை அறிந்து பேணுபவரிடத்திலேயே கண்ணாடிக்குட் கொணர்ந்த கடலுயிர் நிலைபெறும்.