லோடு வண்டியின் முன் பிரேக் பேட்: வீட்டிலேயே மாற்றுவது எப்படி?

காணை வட்டாரத்தில் நெல், மணிலா, காய்கறி மூட்டைகளைச் சொந்த லோடு வண்டியிலோ காரிலோ விழுப்புரத்துக்குக் கொண்டு செல்லும் விவசாயிகள் பலர். சுமையோடு ஓடும் வண்டியில் பிரேக் பேட் சீக்கிரம் தேயும். டாடா ஏஸ் போன்ற சிறு வண்டிகளிலும் பல கார்களிலும் முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக், பின் சக்கரத்தில் டிரம் பிரேக் இருக்கும். இதில் முன் பேட்டை நீங்களே மாற்றலாம். டிரம் பிரேக்கையும் டிராக்டர் பிரேக்கையும் மெக்கானிக்கிடம் விடுவது நல்லது. அவற்றின் அமைப்பு வேறு.

எப்போது மாற்ற வேண்டும்?

• பேட்டின் உராயும் பகுதி 3 மி.மீ. அளவுக்குத் தேய்ந்திருந்தால்.
• பிரேக் பிடிக்கும்போது கீச்சென்ற சத்தம் தொடர்ந்து வந்தால்.
• இரும்போடு இரும்பு உரசும் சத்தம் கேட்டால் வண்டியை ஓட்டாதீர்கள். டிஸ்க்கும் கெட்டுவிடும்.

தேவையான பொருட்கள்

உங்கள் வண்டி மாடலுக்கான பேட் செட், ஜாக்கி, ஜாக்கி ஸ்டாண்டு, ஸ்பேனர் செட், கம்பி பிரஷ், சி கிளாம்ப், பிரேக் கிரீஸ், கட்டுக்கம்பி.

மாற்றும் முறை

1. சிமெண்டுக் களம் போன்ற கெட்டியான சமதளத்தில் சுமை இல்லாமல் வண்டியை நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.

2. சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளைச் சற்றுத் தளர்த்துங்கள். பிறகு ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்துச் சக்கரத்தைக் கழற்றுங்கள். ஸ்டாண்டுக்குப் பதில் செங்கல்லை அடுக்க வேண்டாம், பாரத்தில் நொறுங்கிவிடும்.

3. காலிபர் போல்ட்டைக் கழற்றி, காலிபரைத் தூக்குங்கள். முழுதாகக் கழற்றினால் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஆயில் ஓஸில் தொங்கினால் ஓஸ் பழுதாகும்.

4. பழைய பேட் எப்படிப் பொருந்தியிருந்தது என்று பார்த்துவிட்டு எடுங்கள். தூசியை வாயால் ஊத வேண்டாம், காற்றடிக்கவும் வேண்டாம். ஈரத்துணியால் துடையுங்கள்.

5. ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்துவிட்டு, பழைய பேட்டை பிஸ்டன் மேல் வைத்து, சி கிளாம்பால் மெதுவாக உள்ளே தள்ளுங்கள். அப்போது டப்பாவில் ஆயில் மட்டம் ஏறும். வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிரேக் ஆயில் பட்டால் பெயிண்ட் போய்விடும்.

6. காலிபர் நகரும் பின்களில் பிரேக் கிரீஸ் தடவி, புதுப் பேட்டைப் பொருத்துங்கள். பேட் முகத்திலும் டிஸ்க்கிலும் கிரீஸ் பட்டால் பிரேக் பிடிக்காது.

7. போல்ட்டை இறுக்கி, சக்கரத்தை மாட்டி, வண்டியை இறக்கிய பிறகு வீல் நட்டுகளை எதிரெதிராக இறுக்குங்கள். அடுத்த பக்கத்தையும் இதேபோல் செய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

வண்டியை எடுக்கும் முன்

பிஸ்டன் உள்ளே போயிருப்பதால் முதல் மிதியில் பெடல் தரை வரை போகும், பிரேக் பிடிக்காது. இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் முன்பே பெடல் கெட்டியாகும் வரை பல முறை மிதியுங்கள். இதை மறந்து வண்டியை எடுத்தால் சுவரிலோ ஆள் மேலோ மோத நேரிடும். ஆயில் மட்டத்தைப் பார்த்து மூடியை இறுக்குங்கள். குறைந்தால் டப்பா மூடியில் போட்டிருக்கும் வகை ஆயிலையே ஊற்றுங்கள். இன்ஜின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதிப்போய் பிரேக் செயலிழக்கும்.

முதலில் வீட்டருகே மெதுவாக ஓட்டிப் பாருங்கள். முதல் 200 முதல் 300 கி.மீ. வரை அதிகச் சுமை ஏற்றாமல், திடீர் பிரேக் போடாமல் ஓட்டினால் பேட் டிஸ்க்கில் நன்றாகப் படியும்.

மெக்கானிக்கிடம் போக வேண்டிய நேரம்

ஆயில் கசிவு, உள்ளே தள்ள முடியாத பிஸ்டன், ஆழமான கோடு விழுந்த டிஸ்க், மிதித்தும் கெட்டியாகாத பெடல். இவற்றில் எது இருந்தாலும் வண்டியைச் சாலைக்கு எடுக்காமல், மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழையுங்கள்.