ஃபைலை எப்போது பெரிதாக்குவது? பிக் சிஸ்டம் காலத்துக் கணக்கு

கணிப்பொறி வரலாறு என்றால் புது மொழி உண்டாக்கியவர், புது எந்திரம் கட்டியவர் என்றுதான் எழுதுகிறோம். ஒரு ஃபைல் பெருத்துக்கொண்டே போகும்போது அதை எப்போது, எந்த அளவுக்கு மாற்றுவது என்று ராத்திரியில் கணக்குப் போட்டவர்களைப் பற்றி யாரும் எழுதக் காணோம். கொஞ்ச நாளாக பிக் சிஸ்டம் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

முதலில் ஹாஷ் என்றால் என்ன என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். தபால் ஆபீஸில் கடிதம் பிரிக்கிற அலமாரியை நினைத்துக்கொள்ளுங்கள். முகவரியைப் பார்த்ததுமே எந்த அறை என்று தெரிந்துவிடும், தேட வேண்டியதில்லை. ரெக்கார்டின் எண்ணை வைத்து ஒரு கணக்குப் போட்டால் அது இருக்கும் அறை எண் வந்துவிட வேண்டும், அவ்வளவுதான். 1953-இல் ஐபிஎம்மில் ஹான்ஸ் பீட்டர் லூன் இதை ஓர் உள்குறிப்பில் எழுதினார். ஓர் அறைக்குப் பல ரெக்கார்டு வந்தால் சங்கிலியாகக் கோத்துவிடலாம் என்பதும் அதிலேயே இருந்தது. 1956-இல் ராமாக் டிஸ்க் வந்தது. ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு அதன் கை நகர சராசரியாக 600 மில்லி செகண்ட். அந்த வேகத்தில் ஒரு ரெக்கார்டுக்காக நாலு இடம் தேடினால் என்ன ஆகும்? ஹாஷின் அருமை டிஸ்கில்தான் நன்றாகத் தெரியும்.

1965-இல் டிஆர்டபிள்யூ நிறுவனத்தில் டான் நெல்சனும் டிக் பிக்கும் அமெரிக்க ராணுவத்தின் ஷையேன் ஹெலிகாப்டர் உதிரிபாகக் கணக்குக்காக ஒரு சிஸ்டம் எழுதினார்கள். அதன் பெயரின் சுருக்கம் ‘கேர்ல்ஸ்’. (அந்தக் காலத்துக் குசும்பு!) அது 1973-இல் மைக்ரோடேட்டாவின் ‘ரியாலிட்டி’ ஆகச் சந்தைக்கு வந்தது. பிறகு பிரைம் இன்ஃபர்மேஷன், யூனிவெர்ஸ் என்று அதே வம்சத்தில் பல வந்தன. எல்லாவற்றிலும் ஃபைல் என்றாலே ஹாஷ் ஃபைல்தான். அதை உண்டாக்கும்போதே இரண்டு எண் சொல்லியாக வேண்டும். ஒன்று மாடுலோ, அதாவது எத்தனை குரூப். இன்னொன்று செபரேஷன், அதாவது ஒரு குரூப்புக்கு எத்தனை 512 பைட் துண்டு. ஆனால் இன்னும் ஒரு ரெக்கார்டுகூட எழுதாத ஃபைல் ஐந்து வருஷம் கழித்து எவ்வளவு இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஆரம்பத்தில் மாடுலோ 101, செபரேஷன் 4 என்று வைத்தாயிற்று. ஒரு குரூப்புக்கு 2048 பைட். பிறகு ஃபைல் வளர்ந்து 20,000 ரெக்கார்டு ஆகிறது, ஒவ்வொன்றும் சராசரி 200 பைட். மொத்தம் 40 லட்சம் பைட். அதை 101 குரூப்புக்குப் பங்கு போட்டால் ஒவ்வொன்றுக்கும் 39,600 பைட் வருகிறது. 2048 போக மீதியெல்லாம் ஓவர்ஃப்ளோ. ஒரு ரெக்கார்டு எடுக்கச் சராசரியாகப் பாதிச் சங்கிலியை, அதாவது 20,000 பைட்டைப் படிக்க வேண்டும். நிரல் ஒரு வரிகூட மாறவில்லை, ஆனால் சிஸ்டம் மந்தமாகிவிட்டது. பயனர் கண்ணுக்கு இது எந்திரக் கோளாறாகத்தான் தெரியும்.

மந்தம் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். பிக்கில் குரூப்புக்குள் ஒவ்வொரு ரெக்கார்டும் தன் நீளத்தைத் தலையில் சுமந்து வரிசையாக நிற்கும். சங்கிலியின் பாதி டிஸ்கில் எழுதப்பட்ட நிலையில் கரண்ட் போனால் நீளமும் உள்ளடக்கமும் ஒத்துப்போகாது. இதற்குத்தான் ‘குரூப் ஃபார்மட் எரர்’ என்று பெயர். பழுது பார்க்கச் சுலபமான வழி, உடைந்த இடத்தோடு குரூப்பை முடித்துவிடுவது. அதற்கு அப்புறம் இருந்த ரெக்கார்டெல்லாம் போச்சு. சங்கிலி எவ்வளவு நீளமோ இழப்பும் அவ்வளவு.

சரி, புது மாடுலோ எவ்வளவு? குரூப் 80 சதவீதம் நிரம்பினால் போதும் என்று வைத்தால் ஒன்றுக்கு 1638 பைட். 40 லட்சத்தை அதால் வகுத்தால் 2441-க்குச் சற்றே மேல். அடுத்த பகா எண் 2447. ஏன் பகா எண்? பிக்கின் ஹாஷ் கணக்கு எளிமையானது: இதுவரை வந்த தொகையைப் பத்தால் பெருக்கு, அடுத்த எழுத்தின் குறியெண்ணைக் கூட்டு, கடைசியில் மாடுலோவால் வகுத்து மீதியை எடு. மாடுலோ 100 என்று வைத்தால் கடைசி இரண்டு எழுத்து மட்டும்தான் அறையைத் தீர்மானிக்கும். பில் எண்ணெல்லாம் 00-வில் முடிகிற கடையில் மொத்த ஃபைலும் ஒரே குரூப்பில் போய் அடைந்துகொள்ளும். 2, 5 இரண்டாலும் வகுபடாத எண்ணாக இருந்தாலே பெரும்பாலும் போதும். பகா எண் என்பது அதை நினைவில் வைக்கச் சுலபமான விதி என்றுதான் நான் நினைக்கிறேன்.

எண் கிடைத்தாலும் மாற்றுவது லேசு இல்லை. மாடுலோ மாறினால் ஏறக்குறைய எல்லா ரெக்கார்டின் அறையும் மாறிவிடும். பழைய பிக்கில் ஃபைலின் தலைப்புக் குறிப்பில் 13-ஆவது வரியில் புது எண்களை எழுதி வைப்பார்கள். பிறகு எல்லோரையும் வெளியேற்றிவிட்டு முழு சிஸ்டத்தையும் டேப்பில் சேமித்து, அங்கிருந்து திரும்ப ஏற்றுவார்கள். ஏற்றும்போதுதான் புது அளவு அமலாகும். அந்த நேரத்தில் டிஸ்கில் இருந்த பழையது அழிந்துவிடும், டேப்பில் இருப்பதுதான் சொத்து. டேப்பில் ஓரிடம் படிக்கவில்லை என்றால்? மந்தமான ஃபைலோடு இன்னும் ஆறு மாசம் ஓட்டிவிடலாம் என்று ஒருவர் தள்ளிப்போட்டால் அதைச் சோம்பேறித்தனம் என்று நான் சொல்லமாட்டேன். பின்னால் வந்த யூனிவெர்ஸில் ஒரே ஃபைலுக்கு மட்டும் ‘ரீசைஸ்’ கட்டளை கொடுக்க முடிந்தது. அப்போதும் அந்த ஃபைலை வேறு யாரும் தொடக்கூடாது, பழையதும் புதியதும் சேர்ந்து இருக்க டிஸ்கில் இடமும் வேண்டும்.

இந்தத் தலைவலிக்கு மருந்து 1970-களின் கடைசியில் வந்தது. 1978-இல் பெர்-ஓகே லார்சன், 1979-இல் ஃபேகின் குழுவினர், 1980-இல் விட்டோல்ட் லிட்வின் என்று அடுத்தடுத்துக் கட்டுரைகள். லிட்வினின் ‘லீனியர் ஹாஷிங்’ எனக்கு ரொம்பப் பிடித்தது. ஃபைலை மொத்தமாகப் பிரிக்காமல் ஒரு சமயத்தில் ஒரே குரூப்பைத்தான் பிரிக்கும். 0 முதல் 3 வரை நாலு குரூப் இருக்கிறது என்று வைப்போம். நிரம்பியதும் 0-ஐ மட்டும் எடுத்து, அதிலுள்ள எண்களை எட்டால் வகுக்கும். மீதி 0 என்றால் அங்கேயே இருக்கும், 4 என்றால் புதிய நாலாம் குரூப்புக்குப் போகும். மற்ற மூன்றையும் தொடுவதே இல்லை. அடுத்த முறை 1-ஐப் பிரிக்கும். வேடிக்கை என்னவென்றால், பிதுங்கிக்கொண்டிருப்பது 3-ஆம் குரூப்பாக இருந்தாலும் முறை வரும்வரை அது காத்திருக்கத்தான் வேண்டும்.

யூனிவெர்ஸில் இது ‘டைப் 30’ என்ற பெயரில் இருக்கிறது. சொல்லாவிட்டால் 80 சதவீதம் நிரம்பும்போது பிரிக்கும், 50-க்குக் கீழே இறங்கினால் சேர்க்கும். அப்புறம் எதற்கு இன்னும் பழைய நிலையான ஃபைல்? அளவு அதிகம் மாறாத ஃபைலுக்கு, நன்றாகக் கணக்குப் போட்டு வைத்த நிலையான மாடுலோவே மேல் என்பது என் கட்சி. பிரிக்கிற வேலையும் இல்லை, பிரித்ததை மறுபடி சேர்க்கிற வேலையும் இல்லை. டைப் 30-லும் கணக்கு முழுசாக ஒழிந்துவிடவில்லை. பகலில் லட்சம் ரெக்கார்டு ஏறி ராத்திரியில் காலியாகும் ஃபைல் தினமும் பிரித்துச் சேர்த்துக்கொண்டே இருக்கும். அதற்குக் குறைந்தபட்ச மாடுலோ என்று ஓர் எண் கொடுக்கலாம், அதற்குக் கீழே சுருங்காது. அந்த எண் எவ்வளவு என்று கேட்டால் மறுபடியும் ரெக்கார்டு எத்தனை, சராசரி நீளம் எவ்வளவு என்று பென்சிலை எடுக்க வேண்டியதுதான்.